தலைக்கும் முதுகுக்கும் ஸ்கேன் எடுத்தவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

தக்கலைக்காரி:
எங்க பாட்டா குளிமுறியில வழுக்கித் தலையை லேசா இடிச்சிக்கிட்டாவ. புடைப்புகூட இல்ல. மூணு வாரம் கழிச்சு ஒரு கால் செருப்பு கழண்டு கிடக்கு, அது தெரியாமலே நடக்காவ. வயசாச்சுல்லான்னு விட்டுட்டோம். வெத்தில இடிக்கும்போது கை தளர்ந்து பாக்கெல்லாம் சிதறின அன்னைக்குத்தான் நாகர்கோவிலுக்குத் தூக்கிட்டு ஓடினோம். சிடி ஸ்கேன் எடுக்க அஞ்சு நிமிஷம்கூட ஆகல. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவுல பிறை மாதிரி ரத்தம் தேங்கி, மூளையை ஒரு பக்கமாத் தள்ளியிருக்கு. புது ரத்தம்னா படத்துல வெள்ளையாத் தெரியுமாம், நாள்பட்டா கறுக்குமாம். இது கறுத்துக் கிடந்தது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாரான்னு டாக்டர் கேட்டாரு. ஆமா, நெஞ்சுக்காகச் சாப்பிடுறாவ. மண்டையில துளை போட்டு வடிச்சாங்க. மறுநாள் காலையில கண்ணைத் தொறந்ததும் "இடிகல்லு எங்கட்டி?"ன்னு கேட்டாவ.

குலசேகரம் ரப்பர்:
எனக்கு முதுகு. இருட்டோட தலைவிளக்கு கட்டிப் பால் வெட்டப் போறவன். இடது கால் பெருவிரலைத் தூக்க முடியாமப் போச்சு. எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்ல. அதுல எலும்புதானே தெரியும், ஜவ்வும் நரம்பும் எங்க தெரியப்போவுது? காந்தத்தால படம் எடுக்கிற எம்ஆர்ஐ ஸ்கேன்லதான் எல்4-எல்5 ஜவ்வு, அதான் இடுப்புல நாலாவது அஞ்சாவது எலும்புக்கு நடுவுல உள்ளது, பிதுங்கி நரம்பை நெருக்குறது தெரிஞ்சது. உள்ள படுத்தா ரோடு உடைக்கிற மிஷின் காதுகிட்ட ஓடுற மாதிரி சத்தம். காதுக்குப் பஞ்சு கேட்டு வாங்கிக்கோங்க. அரைஞாண் வெள்ளிதான், அதையும் கழட்டச் சொன்னாங்க. ஏடிஎம் கார்டை வெளியிலயே குடுத்துடுங்க, காந்தம் அழிச்சுடும்.

ரிப்போர்ட்டுல இன்னும் ரெண்டு ஜவ்வு வீக்கம்னு எழுதியிருந்தது. அன்னைக்கு ராத்திரி உறக்கமே இல்ல. டாக்டரு காலை நீட்டித் தூக்கிப் பார்த்தாரு, விரலை அமுக்கிப் பார்த்தாரு, "அந்த ரெண்டும் வயசுக்கு வர்றது, விடுங்க"ன்னுட்டாரு. ஆபரேஷன் அன்னைக்கும் சி-ஆர்ம்ங்கிற எக்ஸ்ரே மிஷின்ல படம் பார்த்து, இடம் மாறிடக்கூடாதுன்னு கீழேருந்து எலும்பை எண்ணிட்டுத்தான் கத்தி வச்சாங்களாம்.

குளச்சல் கடற்கரை:
தக்கலை அக்கா, சிடி உங்களுக்கு உடனே காட்டிக்குடுத்துட்டு. எங்க அண்ணனுக்கு வாய் கோணி, வலது கை விழுந்துட்டு. சிடி நார்மல்னு சொன்னதும் மைனி "ஒண்ணும் இல்லல்லா, வீட்டுக்குப் போலாம்"ன்னு கிளம்பிட்டாங்க. நானும் கூட நின்னு, எம்ஆர்ஐ ஏன் எடுக்கலன்னு சத்தம் போட்டேன். அந்தப் பொண்ணு டாக்டரு கோவப்படாம சொன்னாங்க: மூளையில ரத்தக்கசிவு இருக்கான்னு பார்க்கத்தான் முதல்ல சிடி. ரத்தக்குழாய் அடைப்புன்னா முதல் சில மணி நேரத்துல அதுல தெரியாமயே போகலாம். கசிவு இல்லன்னாத்தான் அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட முடியும், அதுவும் நாலரை மணி நேரத்துக்குள்ள. நாங்க வீட்டுல எண்ணெய் தேய்ச்சே ரெண்டு மணி நேரத்தைப் போக்கிட்டோம், அப்புறம் வராந்தாவுல என் சண்டை வேற.

ஊசி போட்டாங்க. மறுநாள் எடுத்த எம்ஆர்ஐயில அடைப்பு வந்த இடம் சின்னதா வெள்ளையாத் தெரிஞ்சது. கை வந்துட்டு. சோறு அள்ளிச் சாப்பிடுதான். வலைக்கு முடிச்சுப் போடத்தான் விரல் இன்னும் மடங்கல.