டிராப்பிஸ்ட்-1 கோள்கள் கணினியில் சிதறுகின்றன: யாராவது வழி சொல்லுங்கள்

வானியலும் நிரலும் தெரிந்த அன்பர்களுக்கு வணக்கம். மன்னார்குடி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகள் டிராப்பிஸ்ட்-1 விண்மீனின் ஏழு கோள்களையும் கணினியில் சுற்றவிட்டிருக்கிறார்கள். சுமார் 40 ஒளியாண்டு தொலைவு. நம் புதனின் பாதைக்குள்ளேயே ஏழும் அடங்கிவிடும், அவ்வளவு நெருக்கம்! முதல் கோள் ஒரு சுற்றை 1.51 நாளில் முடிக்கிறது. கடைசிக் கோளுக்கு ஏறக்குறைய 18.8 நாள்.

திரையில் கொஞ்ச காலம் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு பாதைகள் நீண்டு, ஒன்றையொன்று வெட்டி, ஒரு கோள் வெளியே வீசப்படுகிறது. நிஜத்திலோ அவை 8:5, 5:3, 3:2 என்று (உள்கோள் எட்டுச் சுற்று முடிக்கையில் அடுத்தது ஐந்து சுற்று என்பதுபோல) ஒத்திசைவில் கோத்துக்கொண்டு, வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களைப் போல, இடிபடாமல் காலம் தள்ளுகின்றன. 2017-இல் ஆய்வாளர்களின் முதல் கணக்குகளும் பெரும்பாலும் பத்து லட்சம் ஆண்டுக்குள் குலைந்தனவாம். பிள்ளைகளுக்கு அதில் ஓர் ஆறுதல்.

கோள்களின் நிலையைப் படிப்படியாகக் கணக்கிடும் ஆய்லர் முறையில் ஆற்றல் தானாக ஏறிக்கொண்டே போகும் என்பதால் ஆற்றலைக் கட்டுக்குள் வைக்கும் லீப்ஃபிராக் முறையைத்தான் பயன்படுத்துகிறோம். கணக்கின் ஒவ்வொரு படியும் ஒரு மணி நேரம். ஆகவே தொடக்க நிலைகள் மீதுதான் சந்தேகம். ஒத்திசைவு கெடாதபடி தொடக்கக் கோணங்களை (ஒவ்வொரு கோளும் தன் பாதையில் எங்கிருந்து கிளம்புகிறது என்பதை) எப்படித் தேர்ந்தெடுப்பது? கோள்களின் இயக்கத்தைக் கணக்கிடும் ரீபவுண்ட் (REBOUND) நிரலைப் பழைய கணினியில் ஓட்டிய அனுபவம் யாருக்காவது உண்டா? தமிழில் எழுதினால் வகுப்பில் அப்படியே படித்துக் காட்டிவிடுவேன்.