ஷாலக் போயாச்சு, இப்ப மூத்தவர் பில் க்ரீசன்: இந்த ‘உயிரோட இருக்கிற மூத்த பேஸ்பால் பிளேயர்’ பட்டியலால யாருக்கு என்ன லாபம்?

பாக்ஸ்ஸ்கோர்:
பழைய பேஸ்பால் பிட்சர் (பந்து வீசறவர்) ஆர்ட் ஷாலக் 2025 மார்ச் 6ந் தேதி தவறிட்டாரு. வயசு 100, ஏப்ரல் 25 வந்திருந்தா 101 முடிஞ்சிருக்கும். 2022 ஜூலைல ஜார்ஜ் எல்டர் போனதுலேர்ந்து உயிரோட இருக்கிற மேஜர் லீக் (அமெரிக்காவோட உச்ச பேஸ்பால் லீக்) பிளேயர்கள்ல இவர்தான் மூத்தவர். இப்ப அந்த இடம் அலபாமா பர்மிங்காம்ல இருக்கிற பில் க்ரீசனுக்கு, அவரும் 2024 செப்டம்பர்ல 100 முடிச்சவர்.

எல்லா பேப்பர்லயும் ஒரே கதைதான் வந்திருக்கு, 1951 ஜூலைல நியூயார்க் யாங்கீஸ் டீம் ஷாலக்கை மேல கூப்பிட்டப்போ இடம் வேணும்னு மைனர் லீக்குக்கு (கீழ் மட்ட லீக்) இறக்கி விட்ட பையன், பின்னாடி பெரிய ஸ்டார் ஆன மிக்கி மேன்ட்டில்ங்கிறது. நல்ல கதைதான், இல்லங்கல. ஆனா உலகப் போர்ல விமானந்தாங்கிக் கப்பல்ல ரேடியோ ஆபரேட்டரா இருந்தவர், யாங்கீஸ் ஸ்டார் யோகி பெராவோட ரூம்மேட், 1951, 52, 53னு தொடர்ந்து சாம்பியன் ஆன டீம்ல இருந்தவர், இவ்வளவும் நாம தெரிஞ்சுக்க அவர் 100 வயசு வாழ வேண்டியிருந்துச்சு பாருங்க. 90ல போயிருந்தா எத்தனை பேர் எழுதியிருப்பாங்க?

கணக்குப்பிள்ளை:
ஆன்மா சாந்தியடையட்டும். ஆனா பாக்ஸ்ஸ்கோர் சார், இந்த ‘மூத்தவர்’ பட்டியல் எனக்கு எப்பவும் ஒத்துக்காது. அவர் ஆடினது மொத்தம் 58 மேட்ச், 6 வெற்றி 7 தோல்வி, அதை வச்சுப் பேசலாம், ஆயுசை வச்சு என்ன பேசறது? ஒருத்தர் செத்த அன்னைக்கே அடுத்து யாருன்னு பேர் போடறீங்க, அந்த அடுத்தவர் வீட்ல இதைப் படிச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சீங்களா? பெரிய ஸ்டார் வில்லி மேஸ் 2024 ஜூன் 18 இறந்தாரு, அன்னைக்கே ‘இனி ஹால் ஆஃப் ஃபேம்ல (பேஸ்பால் ஜாம்பவான்கள் பட்டியல்) மூத்தவர் லூயிஸ் அபாரிசியோ’ன்னு போட்டாங்க. மேஸ் ஆட்டத்தைப் பத்தி ஒரு வாரமாவது பேசிட்டு அப்புறம் போட்டா ஆகாதா?

பாக்ஸ்ஸ்கோர்:
அவசரமாப் போடறது தப்புன்னா ஒத்துக்கறேன், பட்டியலே தப்புன்னா ஒத்துக்க மாட்டேன். கோனி மரேரோவை எடுத்துக்கோங்க. கியூபாக்காரர், 39 வயசு நெருங்கும்போதுதான் வாஷிங்டன் செனட்டர்ஸ்க்கு முதல் மேட்ச் ஆடினார், 1950லேர்ந்து 54 வரைக்கும். அப்புறம் ஹவானாவுக்கே திரும்பிப் போயிட்டாரு. பழைய பிளேயர்களுக்குக் கொடுக்கறதா லீக் ஒத்துக்கிட்ட பணம் 20,000 டாலர், அமெரிக்கத் தடையால அவர் கைக்குப் போகாம இழுத்துக்கிட்டே கிடந்துச்சு, நூறு வயசுக்கு மேலதான் கிடைச்சுது. இருக்கிறவங்கள்ல மூத்தவர்ங்கிற பேரால ரிப்போர்ட்டருங்க வீடு தேடிப் போய் எழுதினாங்க, அதனாலதான் இந்தப் பணம் இழுபடறதே வெளிய தெரிஞ்சுது. 2014 ஏப்ரல் 23ல, 103க்கு ரெண்டு நாள் இருக்கறப்போ போயிட்டாரு. பட்டியல்ல பேர் இல்லாத மத்தவங்க வீட்டுக்கு எந்த ரிப்போர்ட்டர் போனான்?

இன்னிங்ஸ் வனிதா:
பணம்னு வந்துட்டதால சொல்றேன், இங்க நிறைய பேருக்கு இது தெரியல போல. 1980க்கு முன்னாடி ஆடினவங்களுக்குப் பென்ஷன் வேணும்னா சர்வீஸ், அதாவது மேஜர் லீக் டீம்ல இருந்த காலம், 4 வருஷம் இருக்கணும். 1980ல பிளேயர்கள் யூனியன் பேசி அதை 43 நாளாக் குறைச்சுது, மெடிக்கல் இன்ஷூரன்ஸ்க்கு ஒரே ஒரு நாள் டீம்ல இருந்தா போதும். ஆனா புது விதியைப் பின்னாடி தேதிக்குக் கொண்டு போகல. அதாவது 1979ல மூணே முக்கால் வருஷம் ஆடி விட்டவனுக்கு ஒண்ணும் கிடையாது, 1981ல ரெண்டு மாசம் டக்அவுட்ல (மைதானத்து ஓர பெஞ்சுல) உக்கார்ந்தவனுக்குப் பென்ஷன் உண்டு!

2011ல லீக் கமிஷனர் பட் சீலிக்கும் யூனியன் தலைவர் மைக்கேல் வைனருக்கும் மனசு வந்து 1947க்கும் 79க்கும் நடுவுல ஆடின இந்த ஆளுங்களுக்கு, ஒவ்வொரு 43 நாள் சர்வீஸுக்கும் 625 டாலர்னு வருஷத்துக்கு அதிகபட்சம் 10,000 கொடுக்க ஒத்துக்கிட்டாங்க, 2022 ஒப்பந்தத்துல அது 11,500 ஆச்சு. இதுல எனக்கு வயித்தெரிச்சல் எதுன்னா, பிளேயர் செத்த நாளோட அந்தப் பணம் நின்னுடும், பொண்டாட்டிக்குப் பத்து பைசா போகாது. உண்மையான பென்ஷன்னா பொண்டாட்டிக்குப் போகும். அப்ப லீக் பக்கம் ஒவ்வொரு சாவும் மிச்சம்தானே? சும்மா நாளைக் கடத்தினாலே போதும், செலவு தானாக் குறையும்.

கணக்குப்பிள்ளை:
வனிதா மேடம், கோபம் புரியுது, ஆனா யூனியனைக் குத்தவாளியாக்கறது நியாயம் இல்ல. சட்டப்படி யூனியன் வேலையில இருக்கிறவங்களுக்குத்தான் பேசக் கடமைப்பட்டது. ஓய்வு பெற்றவங்க அந்தக் கணக்குல ஊழியரே இல்ல, அவங்க சலுகையைப் பத்திப் பேசியே ஆகணும்னு கட்டாயம் கிடையாதுன்னு 1971லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு, அது ஒரு கண்ணாடி கம்பெனி கேஸ். 1980ல யூனியன் ஸ்ட்ரைக் விளிம்புல நின்னு அந்த 43 நாளை வாங்கிச்சு. எல்லாருக்கும் பின்தேதியிட்டுக் கொடுன்னு பிடிவாதம் பிடிச்சிருந்தா யாருக்குமே கிடைக்காமப் போயிருக்கும். எங்கப்பா மில்லுல இருந்தவர், அவர் ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் வந்த ஒப்பந்தத்துல அவருக்கு ஒரு ரூபா ஏறல, அதுக்காக யூனியன் துரோகம் பண்ணிடுச்சுன்னு எங்க வீட்ல யாரும் பேசினதில்ல. பேரத்துல யாராவது ஒருத்தர் கோட்டுக்கு வெளிய நிப்பாங்க.

இன்னிங்ஸ் வனிதா:
வெளிய நிக்கறது யாருன்னு பாருங்க சார். 1972ல பென்ஷன் நிதிக்காக ஸ்ட்ரைக் பண்ணாங்களே, 86 மேட்ச் போச்சே, அதுல சம்பளம் இழந்தவங்கள்ல இந்த ஆளுங்களும் உண்டு. அவங்க தோள் மேல ஏறித்தான் இன்னைக்குக் கோடிக்கணக்குல சம்பளம் வாங்கறாங்க. சட்டக் கடமை இல்லங்கறது சரி. மனசு வச்சா கொடுக்கலாம்னு 2011லேயே அவங்களே காட்டிட்டாங்களே, அப்புறம் பொண்டாட்டிக்கு மட்டும் ஏன் கை வரல?

பழைய கிளவுஸ்:
இந்த வாக்குவாதத்துல ஒரு விஷயம் விட்டுப்போச்சு. கறுப்பினத்தவரை மேஜர் லீக்ல சேர்க்காத காலத்துல அவங்க தனியா ஆடின நீக்ரோ லீக்ல இருந்தவங்களுக்கு 90கள்ல லீக் தனியா மெடிக்கல், வருஷப் பணம்னு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. அப்புறம் மேல சொன்ன 4 வருஷம் ஆகாத பிளேயர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க, அவங்களுக்குக் கொடுத்துட்டு எங்களுக்குக் கொடுக்காதது இனப் பாகுபாடுன்னு. 2006ல அப்பீல் கோர்ட்டும் அதைத் தள்ளிடுச்சு. எனக்கு அந்தத் தீர்ப்பு சரின்னுதான் படுது. நிறத்தைக் காட்டி கதவை மூடினது லீக், அதுக்கு அவங்க கொடுத்தது பரிகாரம். பென்ஷன் பாக்கி வேற கணக்கு, ரெண்டையும் மோத விட்டதுல ஏழைங்க ரெண்டு பேரும் எதிர் எதிரா நின்னதுதான் மிச்சம்.

க்ரீசனைப் பாருங்க. உலகப் போர்ல ஈவோ ஜீமா தீவுச் சண்டைல இருந்த அமெரிக்க மரைன் படைவீரர். 1948ல பர்மிங்காம் பிளாக் பேரன்ஸ் டீம்ல 17 வயசு வில்லி மேஸோட ஆடினவர், கடைசி நீக்ரோ வேர்ல்டு சீரிஸ்ல பேரன்ஸ் ஜெயிச்ச ஒரே மேட்சை ஜெயிச்சுக் கொடுத்த பிட்சர் இவர். மேஜர் லீக்ல கார்டினல்ஸ் டீமுக்கு இவர் ஆடினது 1954ல, அந்த டீமோட முதல் கறுப்பினப் பிட்சர், மூணே மேட்ச், 4 இன்னிங்ஸ், அதோட சரி. அப்புறம் பர்மிங்காம்லயே பாஸ்டரா 50 வருஷத்துக்கு மேல.

கணக்குப்பிள்ளை:
க்ரீசன் மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனா 2020ல நீக்ரோ லீக்கை மேஜர் லீக்னு அறிவிச்சு, 2024ல ரெக்கார்டையும் கலந்தாங்களே, அதுல எனக்கு வருத்தம் இருக்கு. வாழ்நாள் பேட்டிங் சராசரில டை காபோட .367 போய் ஜாஷ் கிப்சன் .372ன்னு மேல வந்தாரு. சீசனுக்கு 60, 80 மேட்ச் ஆடினதையும் 154 மேட்ச் ஆடினதையும் ஒரே பட்டியல்ல போடறது ரெண்டு பேருக்கும் நியாயம் இல்ல. கிப்சனுக்குத் தனிப் பட்டியல், தனி மரியாதை கொடுங்க.

பழைய கிளவுஸ்:
தனிப் பட்டியல்னு சொல்றீங்களே, அந்தத் ‘தனி’தானே பிரச்சினையே? குறைஞ்ச மேட்ச் ஆடணும்னு கிப்சனா ஆசைப்பட்டார்? மேஸோட கணக்குல 1948ல அடிச்ச 10 ஹிட் சேர்ந்து 3,293 ஆச்சு, அது யாருக்கு நஷ்டம்? 2024 ஜூன் 20 பர்மிங்காம் ரிக்வுட் ஃபீல்டுல மேட்ச் நடந்துச்சே, மேஸ் போய் ரெண்டு நாள்தான் ஆகியிருந்துச்சு, 99 வயசு க்ரீசன் தன்னோட பழைய மைதானத்துல முதல் பந்து போட்டாரு. நான் டிவி முன்னாடி எழுந்து நின்னுட்டேன். அவரை அங்க கூட்டிட்டு வந்ததுல பாதி வேலை இந்தப் பட்டியல் செஞ்சதுதான்.

கணக்குப்பிள்ளை:
ரிக்வுட் நிகழ்ச்சி அருமை, நானும் பார்த்தேன். அதுக்கு அவர் 1948ல ஆடினதே போதும், மூத்தவர்ங்கிற பட்டம் தேவையில்ல, இதுல நான் மாறப்போறதில்ல. ஆனா வனிதா மேடம் சொன்ன விதவை விஷயத்துல எனக்கும் பதில் இல்ல. 11,500ங்கிறது அந்த லீக்குக்கு ஒரு கணக்கே இல்ல, வாங்கற ஆளுங்களும் வருஷா வருஷம் குறையறாங்க.

இன்னிங்ஸ் வனிதா:
இந்த ஒரு இடத்துலயாவது சேர்ந்தோமே. இப்ப இருக்கிற ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1ல முடியுது. அடுத்த பேச்சுவார்த்தைல எல்லாரும் சம்பள உச்சவரம்பு பத்தியே சண்டை போடுவாங்க, இது கடைசிப் பக்கத்துல கூட வராது. உங்க டீமோட பிளேயர் பிரதிநிதி யாருன்னு தேடி எடுத்து, மனைவிக்கும் அந்தப் பணம் தொடரணும்னு ஒரு லெட்டர் போடுங்க. நான் எழுதினதை நாளைக்கு இங்கயே போடறேன், வேணுங்கிறவங்க பேர மட்டும் மாத்தி அனுப்பலாம்.