ஹாலுக்குக் கணினியா, ஸ்ட்ரீமிங் பெட்டியா? பட்ஜெட் இருபதாயிரம்

கார்த்தி_ஈரோடு:
வணக்கம். ஹாலில் 55 இன்ச் 4கே டிவி இருக்கிறது. கூடவே 2012ல் வாங்கிய 5.1 ரிசீவர் (ஆறு ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துத் தரும் ஆம்ப்ளிஃபையர்). இன்றைக்கும் கணீரென்று ஒலிக்கிறது, மாற்றும் எண்ணம் இல்லை. என்னிடம் இருக்கும் ப்ளூ-ரே டிஸ்க்குகளை 4 டிபி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைத்திருக்கிறேன். அதை டிவியின் யுஎஸ்பியில் செருகினால் படம் ஓடுகிறது, ஆனால் டிடிஎஸ் என்ற சரவுண்ட் முறையில் ஒலி உள்ளதெல்லாம் ஊமைப் படம். இன்டெல் என்100 சிப் உள்ள மினி பிசி (குட்டிக் கணினி) ஒன்று வாங்கி, படம் ஓட்டும் ‘கோடி’ மென்பொருளைப் போட்டுவிடலாமா? ஓடிடியும் அதிலேயே ஓட வேண்டும். பகலில் டிவி அம்மா கையில்.

பைட்பாண்டி:
தாராளமா வாங்குங்க. 2023ல் வந்த சிப், வெறும் 6 வாட். நாலு கோர்தானே என்று யோசிக்க வேண்டாம். படம் ஓட்டும் வேலை கோர்களுக்கு இல்லை, உள்ளே இருக்கும், சுருக்கிய வீடியோவை விரிக்கும் டிகோடருக்கு. எச்இவிசி 10 பிட், விபி9, ஏவி1 என்ற மூன்று வீடியோ வடிவங்களையும் அதுவே பார்த்துக்கொள்ளும், சிபியு சும்மா கிடக்கும். 8 ஜிபி ரேம், சின்ன எஸ்எஸ்டி போதும். விண்டோஸுக்குப் பதில் கோடிக்காகவே உள்ள லிப்ரெஎலெக் (ஒரு வகை லினக்ஸ்) போட்டால் ஆன் செய்ததும் நேராகக் கோடியில் போய் நிற்கும். முடிந்தால் விசிறி இல்லாத மாடலாகப் பாருங்க. மெதுவான காட்சியில் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் வந்தால் எரிச்சலாக இருக்கும்.

பழைய_இரும்பு:
புதுசு எதற்குத் தம்பி? ஆபீஸ்களில் கழித்துவிடும் 8ஆம் தலைமுறை ஐ5 குட்டி டெஸ்க்டாப்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். எச்இவிசி 10 பிட் அதிலும் உண்டு. ரேம் இரண்டு போடலாம், உள்ளேயே ஒரு டிஸ்க்கும் வைக்கலாம். பேர் தெரியாத மினி பிசியில் அடாப்டர் போனால் அதே மாதிரி இன்னொன்று தேடி அலைய வேண்டும். இதில் அந்தக் கவலை இல்லை.

பைட்பாண்டி:
அண்ணே, அதன் பின்பக்கத்தைப் பார்த்தீங்களா? பாதிக்கு டிவியில் இல்லாத டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான். எச்டிஎம்ஐ இருந்தாலும் பெரும்பாலும் பழைய 1.4 பதிப்பு, அதாவது 4கேயில் விநாடிக்கு 30 பிரேம்தான் வரும். ஏவி1 டிகோடரும் கிடையாது, இன்டெல்லில் அது 11ஆம் தலைமுறையில்தான் வந்தது.

பழைய_இரும்பு:
படம் 24 பிரேம்தானே ஓடுகிறது? 30 போதாதா?

பைட்பாண்டி:
பிரேம் போதும். எச்டிஆர், அதாவது வெளிச்சமும் நிறமும் கூடிய படம்? அதற்கு எச்டிஎம்ஐ 2.0ஏ வேண்டும். 1.4ல் போனால் எச்டிஆர் வராது.

பழைய_இரும்பு:
டிஸ்ப்ளேபோர்ட்டில், அதை எச்டிஎம்ஐயாக மாற்றும் ஒரு ஆக்டிவ் கன்வெர்ட்டர் போட்டால் தீர்ந்தது, மொத்த விலை அப்போதும் குறைவுதான். ஒன்று மட்டும் சொல்கிறேன், மலிவு என்று பழைய டவர் கேபினட்டை வாங்கிவிடாதீர்கள். சும்மா இருக்கும்போதே 40 வாட் இழுக்கிற டவர் நாள் முழுக்க ஆனில் இருந்தால், இரண்டு மாத மின் கட்டணத்தில் 57 யூனிட் அதற்கே போகும். வீடு 500 யூனிட் விளிம்பில் இருந்தால் அது உங்களை அடுத்த கட்டணப் படிக்கும் தள்ளிவிடும்.

தேன்மொழி:
பிரேம், யூனிட் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறீர்கள். அவர் கேட்டதில் கடைசி இரண்டு வரிகளை யாரும் படிக்கவில்லையா? ஓடிடி, அம்மா.

லிப்ரெஎலெக் போட்டால் ஓடிடி அநேகமாகக் கிடையாது. வேறு லினக்ஸ் போட்டு பிரவுசரில் திறந்தாலும் வைட்வைன் என்ற நகல் தடுப்பு முறையின் அடிமட்டப் பாதுகாப்புதான் கிடைக்கும், 4கே வராது. விண்டோஸிலும் நெட்ஃபிளிக்ஸ் 4கே வேண்டுமென்றால் எட்ஜ் பிரவுசரோ அவர்கள் ஆப்போதான், அதுவும் எச்டிசிபி 2.2 (எச்டிஎம்ஐ இணைப்பின் நகல் தடுப்பு) சரியாக இருந்தால். இன்னொன்று, மினி பிசிகளில் பெரும்பாலும் சிஇசி (டிவி ரிமோட்டாலேயே செருகிய கருவியை இயக்கும் வசதி) கிடையாது. டிவி ரிமோட்டில் கீழ் அம்புக்குறியை எத்தனை முறை அமுக்கினாலும் மவுஸ் பாயிண்டர் கதாநாயகி மூக்கின் மேலேயே நிற்கும். யுஎஸ்பி சிஇசி அடாப்டர் தனியாக விற்கிறது, அதற்கு வேறு காசு. அம்மா சோபாவில் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு சீரியல் பார்ப்பாரா?

சான்றிதழ் உள்ள ஒரு ஆண்ட்ராய்டு டிவி பெட்டி வாங்குங்கள். ஓடிடி 4கேயில் வரும், ரிமோட் ஒன்றுதான், கோடியும் அதிலேயே போடலாம்.

பைட்பாண்டி:
அக்கா, பெட்டிகளில் பலதும் ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி என்ற, தரம் குறையாத ப்ளூ-ரே ஒலியை அப்படியே ரிசீவருக்கு அனுப்பாது. அனுப்புபவை விலையில் மினி பிசி பக்கம் வந்துவிடும். டிஸ்க்கை வேறு அறையில் வைத்து நெட்வொர்க்கில் ஓட்டினால் அடுத்த சிக்கல். 4கே ப்ளூ-ரே உச்சத்தில் 128 எம்பிபிஎஸ் வரை போகும், பல பெட்டிகளில் லேன் போர்ட் வெறும் 100 எம்பிபிஎஸ். சரியாகச் சண்டைக் காட்சியில் சக்கரம் சுற்றும்.

தேன்மொழி:
அவர் டிஸ்க்கை யுஎஸ்பியில் செருகப் போகிறார், லேன் எங்கே வந்தது? டால்பி விஷனில் (எச்டிஆரின் இன்னொரு வகை) உங்கள் மினி பிசி என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஓடிடி வகை டால்பி விஷன் ஃபைல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், முகமெல்லாம் ஊதாவும் பச்சையுமாக வரும்.

பைட்பாண்டி:
அது டால்பி விஷனில் புரொஃபைல் 5 என்ற வகை. இவரிடம் இருப்பது டிஸ்க்கிலிருந்து எடுத்தது, அடியில் சாதா எச்டிஆரான எச்டிஆர்10 படம் முழுசாக இருக்கும். நிறம் கெடாது.

சவுண்டுசாமி:
கொஞ்சம் நிறுத்துங்கப்பா. 2012 ரிசீவர் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து எச்டிஎம்ஐ, எச்டிசிபி 2.2 இல்லை. 4கே எச்டிஆர் சிக்னலை அதன் வழியாக டிவிக்கு அனுப்பவே முடியாது. மினி பிசியோ பெட்டியோ, ரிசீவருக்கு நடுவில் இடமில்லை.

நேராக டிவியில் செருகி, ஒலியை ஆர்க் (டிவியிலிருந்து ஒலியைத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ வசதி) வழியே ரிசீவருக்குத் திருப்பலாம். ஆனால் சாதா ஆர்க்கில் ட்ரூஎச்டி போகாது, அதன் புதிய வடிவமான இஆர்க் இரண்டு பக்கமும் வேண்டும். டிவி டிடிஎஸ்ஸைக் கடத்தாவிட்டால் பழையபடி ஊமைப் படம்.

இங்கேதான் மினி பிசிக்கு ஒரு வழி இருக்கிறது. என்100 மினி பிசிகள் பலவற்றில் எச்டிஎம்ஐ இரண்டு. ஒன்று நேராக டிவிக்கு, படம் மட்டும். இன்னொன்று ரிசீவருக்கு, ஒலி மட்டும். விண்டோஸ் அந்த ரிசீவரை இரண்டாவது திரையாக நினைத்துக்கொள்ளும், 1080பியில் இருக்கட்டும் என்று விட்டுவிடலாம். கோடியில் ஆடியோ அவுட்புட்டாக ரிசீவரைத் தேர்ந்தெடுத்து பாஸ்த்ரூ ஆன் செய்தால் ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி அப்படியே போகும். தொல்லை ஒன்றுண்டு. மவுஸ் சில நேரம் கண்ணுக்குத் தெரியாத அந்தத் திரைக்குப் போய் ஒளிந்துகொள்ளும்.

பழைய_இரும்பு:
எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் என்று ஒரு டப்பா இருக்கே? படத்தை டிவிக்கும் ஒலியை ரிசீவருக்கும் அதுவே பிரித்துவிடும். பெட்டிக்கும் அதைப் போடலாம்.

சவுண்டுசாமி:
போடலாம் ஐயா. மலிவானது பெரும்பாலும் டிவி என்ன கேட்கும் என்பதை வைத்தே பெட்டியிடம் பேசும். டிவி டிடிஎஸ் வேண்டாம் என்றால் பெட்டி அனுப்பவே அனுப்பாது. அதை மாற்ற சுவிட்ச் உள்ள மாடலாக வாங்க வேண்டும், விலை ஏறும்.

தேன்மொழி:
ஆக, இரண்டு எச்டிஎம்ஐ என்றால் விண்டோஸ், விண்டோஸ் என்றால் மவுஸ். அம்மாவுக்கு என்ன பதில்?

சவுண்டுசாமி:
அம்மா ஏன் கணினியைத் தொட வேண்டும்? டிவியிலேயே ஓடிடி ஆப்கள் இருக்குமே. அந்த ஒலி ஆர்க்கில் வந்தால் போதும், சீரியலுக்கு ட்ரூஎச்டி யாரும் கேட்கவில்லை.

கார்த்தி_ஈரோடு:
டிவியின் ஆப்கள் ஆமை வேகம், ஆனால் அம்மாவுக்குப் பழகிவிட்டது. சரி, இரண்டு எச்டிஎம்ஐ உள்ள என்100, ஓடிடி டிவியிலேயே. ரிசீவரில் ஆர்க் இருக்கிறது, பார்த்துவிட்டேன். டிவியில் எந்தப் போர்ட்டில் பிசியைச் செருகுவது?

பைட்பாண்டி:
ஆர்க் போர்ட்டை ரிசீவருக்கு விட்டுவிட்டு வேறு எதிலாவது செருகுங்க. டிவி மெனுவில் அந்தப் போர்ட்டுக்கு ‘என்ஹான்ஸ்டு’ என்பது போல ஒரு அமைப்பு இருக்கும், பல டிவிகளில் அது ஆஃபில்தான் வரும். ஆன் செய்யாவிட்டால் விண்டோஸில் எச்டிஆர் பொத்தானே தெரியாது. கோடியில் ‘திரையின் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்று’ என்பதையும் ஆன் செய்துவிடுங்க. இல்லையென்றால் 24 பிரேம் படம் 60ல் ஓடி, கேமரா மெதுவாக நகரும்போதெல்லாம் இடறும்.

தேன்மொழி:
மூன்று மாதம் கழித்து அந்த ஆமை ஆப் அப்டேட் கிடைக்காமல் நின்றுவிட்டால் சொல்லுங்கள், பெட்டி எது வாங்குவது என்று பேசலாம்.