சரிவில் குனிந்தால் நின்றுபோகும் புல்லு வெட்டும் மெசின்

வீடு நுவரெலியாவுக்குப் பக்கத்தில், நானுஓயாவில். பின்பக்கம் முழுக்கச் சரிவு; கீழ்க் கான் வரைக்கும் மானாப்புல்லு இடுப்பளவு. மழை வேறு விடாமல் பெய்வதால் அட்டைக்குக் குறைவில்லை.

மெசின் முதுகில் சுமக்கிற ரகம், டூ ஸ்ட்ரோக், 43 சிசி. பெற்றோல் டேங்க் எஞ்சினுக்கு மேலே. வாங்கி ஏழு மாதம். வாசலில் சமதரையில் அரைமணி நேரம் ஓடும். சரிவில் மேட்டுப்பக்கம் வலது கையில் இருக்கும்படி நடந்தாலும் ஓடும். திரும்பி வரும்போதுதான் வினை. மேட்டுப்பக்கம் இடது கைக்கு வந்து, நான் கொஞ்சம் சாய்ந்தால் சத்தம் இறங்கி, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். நிமிர்ந்து இழுத்தால் உடனே ஸ்டார்ட்.

பிளக் மாற்றினேன். ஏர் ஃபில்டரைக் கழுவினேன். பெற்றோல் குழாய் புதுசு, ஒயில் கலவை 25க்கு 1. டேங்க் நிறைய ஊற்றியும் பார்த்தாச்சு, அதே கதை. டவுனில் கராஜ் பாஸ் காபரேட்டரை (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற பாகம்) கழற்றிக் கழுவித் தந்தார். உயரமான இடம், காற்று மெல்லிசு, அதுதான் காரணம் என்றார். எனக்கு அது ஏறவில்லை. அப்படியென்றால் வாசலிலும் திணற வேண்டுமே? கழற்றும்போது பார்த்தேன், காபரேட்டருக்கு அடியில் சின்னக் கிண்ணம், உள்ளே மிதவை.

இந்த மிதவைக் காபரேட்டரை எடுத்துவிட்டு டயபிரம் ரகம் (மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வு இருப்பது) பூட்டினால் சரிவில் நிற்காமல் ஓடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.