பழைய பிக்கப்பின் கியர்பாக்ஸ் போய்விட்டது: செலவழிப்பதா, விற்றுவிடுவதா?

கிச்சினர் புதியவன்:
அனைவருக்கும் வணக்கம். கனடாவுக்கு வந்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை. வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையைத் துணை ஒப்பந்தமாக எடுத்துச் செய்கிறேன். ஏணியும் வாளிகளும் ஏற்றிச் செல்வதற்காக, கையிலிருந்த சேமிப்பைப் போட்டுப் பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப் ஒன்றை வாங்கினேன். நேற்று மாலை ரிவர்ஸ் எடுக்க முயன்றபோது என்ஜின் உறுமியதே தவிர வண்டி அசையவில்லை. முன்னால் போகிறது, ஆனால் சரியாகப் போகவில்லை. பக்கத்துப் பட்டறையில் வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், டிரான்ஸ்மிஷனையே, அதாவது கியர்பாக்ஸையே, மாற்ற வேண்டும், 4,800 டாலர் ஆகும், வரி தனி என்று சொல்லிவிட்டார்கள். வண்டியின் விலையே 6,000 டாலர்தான். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகாவிட்டால் ஒப்பந்தம் கைமாறிவிடும். என்ன செய்வதென்று சொல்லுங்கள்.

ஸ்காபரோ அண்ணன்:
தம்பி, கோபிக்க வேண்டாம், வந்த முதல் வருடத்திலேயே உங்களுக்குப் பிக்கப் எதற்கு? நான் ரொறன்ரோவுக்கு வந்த காலத்தில் விடியப்புறம் இருட்டோடு எழும்பி, உறைபனியில் இரண்டு பஸ் மாறிப் போய்க் கோப்பை கழுவினேன். கால் விறைத்துச் சப்பாத்தைக் கழற்ற முடியாமல் இருந்த நாட்களும் உண்டு. சிறிய ஜப்பான் கார் ஒன்றின் கூரையில் ஏணியைக் கட்டினால் உங்களுடைய வேலை நடக்காதா?

பிராம்டன் கோவைக்காரன்:
இவ்வளவு பதற வேண்டியதில்லை. கியர்பாக்ஸ் ஆயில் குறைந்திருக்கும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிப் பாருங்கள். என்னுடைய வண்டிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பட்டறைக்காரர்கள் புதியவர் என்று தெரிந்தாலே பெரிய தொகையாகத்தான் சொல்வார்கள்.

விண்ட்சர்வாசி:
ஆயிலை மாற்றினால் சரியாகுமா என்பது, என்ன கெட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு பேச வேண்டியது. எந்த வண்டி, எந்த ஆண்டு, எந்த என்ஜின், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, டீலரிடம் வாங்கினீர்களா தனியாரிடமா, முன்னால் போகும்போது எந்தெந்த கியர் விழுகிறது என்று ஒன்றையும் நீங்கள் எழுதவில்லையே.

ஸ்காபரோ அண்ணன்:
தனியாரிடம்தான் வாங்கியிருப்பார். எங்களுக்கு ஆரம்பத்தில் யார் கடன் கொடுத்தார்கள்? வாகனத்தை வாங்கிவிட்டாலும் இன்சூரன்ஸ்காரன் விடுகிறானா? அஞ்சல் குறியீட்டைப் பார்த்தே தொகையைக் கூட்டுகிறான்.

பிராம்டன் கோவைக்காரன்:
அண்ணா, பிராம்டனில் நாங்கள் கட்டுவதைக் கேட்டால் அழுதுவிடுவீர்கள். போதாததற்குச் சாலையில் கொட்டுகிற உப்பு வண்டியின் அடிப்பாகத்தைத் தின்றுவிடுகிறது.

கிச்சினர் புதியவன்:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுப்போனது. 2004 செவர்லே சில்வராடோ 1500, 5.3 லிட்டர் வி8, நான்கு சக்கர இயக்கம், 2,90,000 கிலோமீட்டர். தனியாரிடம் வாங்கினேன், வண்டி சாலையில் ஓடத் தகுந்தது என்ற சேஃப்டி சான்றிதழை விற்றவர் தந்தார். முதல் கியரில் நன்றாகவே கிளம்புகிறது. பிறகு நியூட்ரலில் இருப்பதுபோல என்ஜின் வீணாகச் சுற்றுகிறது. சற்று வேகம் கூடியதும் மறுபடி பிடித்துக்கொள்கிறது.

விண்ட்சர்வாசி:
இப்போது விளங்குகிறது. உங்கள் வண்டியில் இருப்பது 4எல்60இ என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக். அதனுள் சன் கியரைப் பிடித்திருக்கும் கிண்ண வடிவ உருக்குப் பாகத்தைச் சன் ஷெல் என்பார்கள். அதன் கழுத்து விரிசல்விட்டு முறிவதோ, உட்பற்கள் மழுங்குவதோ இந்த கியர்பாக்ஸுக்குப் பேர்போன கோளாறு. அது போனால் இரண்டாம் கியரும் நான்காம் கியரும் ரிவர்ஸும் ஒன்றாகப் போகும், முதலாவதும் மூன்றாவதும் மட்டும் மிஞ்சும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான். மூன்றாம், நான்காம் கியர்களைப் பிடிக்கும் மூன்று–நான்கு கிளட்ச் எரிந்திருந்தால் அந்த இரண்டு கியர்கள் போயிருக்கும், ரிவர்ஸ் விழுந்திருக்கும். ஆகவே ஆயில் மாற்றுவதற்குக் காசைக் கரைக்காதீர்கள். முறிந்த உருக்கை ஆயில் ஒட்டவைக்காது. சோதிக்கிறேன் என்று மேலும் ஓட்டவும் வேண்டாம், உலோகத் துகள்கள் உள்ளே எல்லாவற்றுக்கும் பரவும். கழற்றுபவரிடம், அடியிலிருக்கும் ஆயில் தட்டில் உள்ள காந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் சாம்பல்நிறக் குழம்பு படிந்திருப்பது தேய்மானம். உருக்குச் சிம்புகள் இருந்தால் சந்தேகமே இல்லை.

சன் ஷெல் மலிவான பாகம்தான். அதை எடுக்க கியர்பாக்ஸை முழுவதுமாக இறக்க வேண்டும் என்பதால் கூலிதான் அதிகம். இறக்கிய பிறகு உறுதியான ஷெல், புதிய கிளட்சுகள், என்ஜினின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட்டு, ஆயிலைக் குளிரவைக்கும் கூலரையும் கழுவிவிடுவதே புத்திசாலித்தனம்.

பிராம்டன் கோவைக்காரன்:
ஸ்க்ராப் யார்டில் பழையது ஒன்றை வாங்கிப் போட்டால் பாதிச் செலவில் முடியுமே?

விண்ட்சர்வாசி:
அதே ஷெல் அதிலும் எப்போது முறியும் என்று யாருக்குத் தெரியும்? இரு சக்கர இயக்க வண்டியிலிருந்து எடுத்தது இவருக்குப் பொருந்தவும் பொருந்தாது. வண்டியை விரைவில் விற்கப்போகிறார் என்றால் மட்டும் அதற்கு ஒப்புக்கொள்வேன்.

ஏஜாக்ஸ் அக்கா:
தம்பி, காசு கட்டுவதற்கு முன் வாகனத்தைத் தூக்கி வைத்து, அடியிலுள்ள இரும்புச் சட்டகத்தையும் (ஃபிரேம்) பிரேக் குழாய்களையும் பாருங்கள். இந்த வயது வாகனத்தில் உருக்குக் குழாய்கள் உப்பில் அரித்துப்போவது வழக்கம். சட்டகமும் ஓட்டையாக இருந்தால் உள்ளபடியே விற்றுவிடுங்கள். சேஃப்டி சான்றிதழ் உத்தரவாதம் அன்று, அதைக் காட்டி விற்றவரிடம் எதுவும் பெற முடியாது.

சட்டகம் திடமாக இருந்தால் டிரான்ஸ்மிஷன் மட்டுமே செய்யும் இரண்டு பட்டறைகளிடம் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இறுதிக் கட்டணம் மதிப்பீட்டை விட 10 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது; புதிய பாகங்களுக்கும், மீள்சீரமைத்த பாகங்களுக்கும், கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. சொன்ன விலையோடு 13 விழுக்காடு எச்.எஸ்.டி. என்ற விற்பனை வரியைக் கூட்டிக் கணக்குப் போடுங்கள். மீள்சீரமைத்த கியர்பாக்ஸை வாங்கினால் பழையதைத் திருப்பிக் கொடுக்கும்வரை கோர் என்று ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அது எவ்வளவு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

திங்கட்கிழமைக்கு நாள் வாடகையில் ஒரு கார்கோ வேன் எடுங்கள், ஒப்பந்தம் கைவிட்டுப் போவதைவிட அது மலிவு. இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் பிக்கப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறீர்களா?

கிச்சினர் புதியவன்:
இல்லை அக்கா, சொல்லவில்லை. நாளை காலை அழைக்கிறேன். வேனுக்கும் சொல்லிவிடுகிறேன். பட்டறைவரை மெதுவாக ஓட்டிப் போகலாமா?

விண்ட்சர்வாசி:
வேண்டாம். நான்கு சக்கரங்களும் தரையில் படாதபடி ஏற்றிச் செல்லும் தட்டு வண்டிதான் வேண்டும் என்று அழைக்கும்போதே சொல்லுங்கள்.