புது கணக்கு சாஃப்ட்வேருக்கு மாறியபோது லெட்ஜரைச் சரிபார்த்த அனுபவங்கள்

பீன்யா, பெங்களூரு:

கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் எந்தப் பதிவு எப்போது திருத்தப்பட்டது என்ற தடம் இருந்தே ஆக வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். எங்கள் கம்பெனி மாறியதும் அதற்காகத்தான். பீன்யாவில் தொழிற்சாலை, ஓசூரில் கிளை.

மாற்றிக் கொடுக்க வந்தவர்கள் ட்ரயல் பேலன்ஸை (எல்லாக் கணக்குகளின் பாக்கியையும் பற்று, வரவு என்று பிரித்துக் கூட்டிய பட்டியல்) காட்டி, "டேலி ஆயிடுச்சு சார், கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார்கள். நான் போடவில்லை. பற்றும் வரவும் சமமாக ஏறியிருக்கிறது என்பதற்கு மேல் அந்தக் கூட்டுத்தொகை எதையும் சொல்லாது. ஒரு பார்ட்டியின் (கஸ்டமர் அல்லது சப்ளையரின்) பாக்கி இன்னொருவர் பேரில் ஏறியிருந்தாலும் அது அப்படியே சமமாக நிற்கும்.

எங்களுக்குச் சிக்கல் இருந்தது ஜிஎஸ்டியில். பெங்களூரின் பதிவு எண் 29 என்று தொடங்கும், ஓசூருடையது 33. சட்டத்தின் கண்ணில் இரண்டும் தனித்தனி ஆட்கள். ஒன்றின் உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை) மற்றதன் வரிக்கு நேர் செய்ய முடியாது. பழைய சிஸ்டத்தில் ஐஜிஎஸ்டிக்கு (மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் வியாபாரத்துக்கான ஜிஎஸ்டி) ஊருக்கு ஒன்றாக இரண்டு லெட்ஜர், அதாவது தனிக் கணக்கு, இருந்தது. எந்தப் பழைய கணக்கு எந்தப் புதுக் கணக்குக்குப் போகும் என்று காட்டும் மேப்பிங் ஷீட்டில் இரண்டையும் ஒரே புதுக் கணக்குக்குத் திருப்பியிருந்தார்கள். மொத்தத்தில் பைசா பிசகவில்லை. ஜிஎஸ்டி போர்ட்டலில் இருந்து இரண்டு எண்களுக்கும் கிரெடிட் லெட்ஜரை (உள்ளீட்டு வரி இருப்பைக் காட்டும் கணக்கு) தனித்தனியாக இறக்கிப் பக்கத்தில் வைத்தபோதுதான் பிடிபட்டது.

அப்போதிருந்து நான் விடாப்பிடியாகச் சொல்வது இதுதான்: புது சிஸ்டத்தைப் பழைய சிஸ்டத்தோடு ஒப்பிடுவது போதாது. பேங்க் ஸ்டேட்மென்ட், போர்ட்டல், பார்ட்டி எழுதித் தரும் பாக்கி உறுதிக் கடிதம் என்று நம் கை படாத ஏதாவது ஒன்றோடும் ஒப்பிட வேண்டும். பழைய சிஸ்டத்திலேயே தப்பு இருந்தால் அதுவும் சேர்ந்துதானே வந்திருக்கும்?

ஒயிட்ஃபீல்ட், பெங்களூரு:

அண்ணா, நீங்கள் கையெழுத்துப் போடாமல் நின்றது ரொம்பச் சரி. எங்கள் ஆபீஸில் பார்ட்டிவாரி பாக்கிகூட ஒத்துப்போனது. பில் தேதிதான் மாறிப்போயிருந்தது.

டேட்டாவை எக்ஸலில் இறக்கித்தான் ஏற்றினார்கள். அந்தக் கணினி அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் படிக்கும்படி இருந்திருக்கிறது. 05/11/2023 என்ற நவம்பர் பில் மே 11 ஆகிவிட்டது. 25/11 போன்றவற்றை அதனால் தேதியாகப் படிக்க முடியாது, வெறும் எழுத்தாக விட்டுவிடும். அவை ஏற மறுத்ததால் கையால் சரிசெய்தார்கள். 1 முதல் 12 வரை தேதியிட்ட பில்களோ சத்தமில்லாமல் ஏறிவிட்டன.

தொகை சரிதானே, தேதி போனால் என்ன என்று மேலே இருப்பவர்கள் கேட்டார்கள். நிறையவே இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரியில் அந்தச் செலவைக் கழிக்க முடியும். சப்ளையருக்கு 180 நாளுக்குள் பணம் போகவில்லை என்றால் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். பேலன்ஸ் ஷீட்டில் பாக்கிகளை வயதுவாரியாகக் காட்டுவதும் இருக்கிறது. எல்லாமே தேதியை வைத்துத்தான்.

நாங்கள் கண்டுபிடித்த வழி எளிது. நிலுவை பில்களை மாதவாரியாக எண்ணி, இரண்டு சிஸ்டத்தின் எண்ணிக்கையையும் பக்கம் பக்கமாக வைத்தோம். இனிமேல்தான் வரப்போகும் மாதங்களில்கூட சில பில்கள் உட்கார்ந்திருந்தன!

ராஜாஜிநகர், பெங்களூரு:

எங்களுடையது சின்ன விஷயம், ஆனால் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கலாம். பற்றுக்கும் வரவுக்கும் வித்தியாசம் வந்தால் முதலில் அதைப் பாதியாக்கி, அந்தத் தொகை எந்த லெட்ஜரிலாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அட்வான்ஸ் கொடுத்த கஸ்டமரின் 60,000 வரவு பற்றில் ஏறியிருந்தால் வித்தியாசம் 1,20,000 காட்டும். பாதியில் கிடைக்கவில்லையா, 9 ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால், கையால் அடித்த ஏதோ ஓர் எண்ணில் இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு.

அப்புறம், வித்தியாசத்தை சஸ்பென்ஸில் (காரணம் தெரியாத தொகையைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் கணக்கு) போட்டு மூடிவிடலாம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆடிட் வரும்போது அதன் கதையைச் சொல்ல ஆள் இருக்காது.

பீன்யா அண்ணாவிடம் ஒரு கேள்வி. பழைய சிஸ்டத்தை எப்போது நிறுத்தினீர்கள்?

பீன்யா, பெங்களூரு:

இன்னும் நிறுத்தவில்லை தம்பி. நாங்கள் ஏப்ரல் 1 ஓப்பனிங் பேலன்ஸும் (தொடக்க இருப்பு) நிலுவை பில்களும் மட்டும்தான் ஏற்றினோம், பழைய வவுச்சர்கள் (ஒவ்வொரு வரவு செலவின் தனிப் பதிவு) பழைய சிஸ்டத்திலேயே இருக்கின்றன. கம்பெனிச் சட்டம் பிரிவு 128(5) படி 8 நிதியாண்டுக் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். அதனால் புதிதாக எதுவும் பதிய முடியாதபடி பூட்டி, பார்ப்பதற்கு மட்டும் ஒரு கணினியில் வைத்திருக்கிறோம். பேக்கப் இருக்கிறதே என்று அந்த சாஃப்ட்வேரை அழித்துவிடாதீர்கள். திறக்க அது இல்லாவிட்டால் பேக்கப் இருந்தும் பயனில்லை.