கோர்டன் ஜாக்சன்: எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது?

நிழல்வெளி (கேள்வி)

வணக்கம். ஜெர்மன் போர்க்கைதி முகாமிலிருந்து தப்புவதைப் பற்றிய 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் பேருந்தில் ஏறும்போது ஒரே ஒரு வார்த்தையால் மாட்டிக்கொள்ளும் மெக்டொனால்டாக நடித்தவர் கோர்டன் ஜாக்சன். கிளாஸ்கோவில் 1923இல் பிறந்தவர். 1942இல் முதல் படம், 1990 ஜனவரியில் 66 வயதில் மறைவு. இடையில் வந்த படங்களின் பட்டியல் மலைக்க வைக்கிறது. பெரும்பாலும் பெயர்ப் பட்டியலில் நான்காவது, ஐந்தாவது இடம்தான்.

அவருடைய வளர்ச்சி தெரியும்படி எந்த வரிசையில் பார்ப்பது நல்லது? ஒரே வீட்டின் எஜமானர்களையும் வேலைக்காரர்களையும் பற்றிய பிரிட்டிஷ் தொடரான 'அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்' தொடக்கத்தில் சில பகுதிகள் கறுப்பு வெள்ளையிலும் முதல் பகுதி மட்டும் வண்ணத்திலும் இருக்கின்றனவே, அது பிரதியின் கோளாறா? அந்தத் தொடர் முழுவதையும் பார்க்க நேரமில்லை என்றால் அவர் நடித்த பட்லர் (தலைமை வேலைக்காரர்) ஹட்சனுக்காக எந்தப் பகுதிகளைத் தேர்ந்தெடுக்கலாம்?

பழையரீல்

வரிசையைச் சொல்வதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இவருடைய படங்கள், தொடர்களின் பெயரிலேயே வேறு தயாரிப்புகள் நிறைய இருப்பதால், தலைப்பை மட்டும் வைத்துத் தேடினால் தவறான வட்டுதான் கைக்கு வரும். 'விஸ்கி கேலோர்' 1949ஆம் ஆண்டுப் படம். 2016இல் வந்தது மறுஆக்கம். 'எ டவுன் லைக் ஆலிஸ்' என்றால் 1981இல் வந்த ஆஸ்திரேலியத் தொடர். 1956ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் இவர் இல்லை. 'தி ப்ரொஃபெஷனல்ஸ்' என்று தேடினால் 1966ஆம் ஆண்டு அமெரிக்க கௌபாய் படம் முதலில் வந்து நிற்கும். 'அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்' என்ற பெயரில் பிபிசி 2010இல் எடுத்தது வேறு தொடர். ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள்.

தொடக்கம் பிரிட்டனின் ஈலிங் ஸ்டூடியோ எடுத்த 'தி ஃபோர்மன் வென்ட் டு ஃபிரான்ஸ்' (1942). ஜாக்சன் அப்போது ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் டிராஃப்ட்ஸ்மேன் (தொழில்நுட்ப வரைபடம் வரைபவர்) பயிற்சியில் இருந்தவர், வானொலி நாடகங்களில் குரல் கொடுத்த அனுபவம் மட்டும் உண்டு. ஸ்காட்லாந்துப் படைவீரனாக நடிக்க ஓர் இளைஞன் தேவைப்பட்டபோது அந்த வானொலித் தொடர்பு வழியாகத்தான் அழைப்பு வந்தது. நடிப்புப் பள்ளி வாசனை அதில் துளியும் இல்லை. கேமரா முன்னால் எதையும் 'செய்து காட்டாமல்' இருப்பது அந்த முதல் படத்திலேயே இவருக்கு இயல்பாக வந்திருக்கிறது.

அடுத்து 'மில்லியன்ஸ் லைக் அஸ்' (1943). விமானத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்ணைக் காதலிக்கும் விமானப்படை வீரன் ஃபிரெட். கூச்சத்தால் வாக்கியங்களைப் பாதியில் விட்டுவிடுவான். பாட்ரிசியா ரோக்குடன் வரும் காட்சிகளில் அவர் பேசுவதைவிட விழுங்குவதே அதிகம். போர்க்காலத்தில் இவருக்கு வாய்த்த வேடங்களில் ஆழமானது இதுதான் என்பது என் கணிப்பு.

'விஸ்கி கேலோர்' படத்தில் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் கேம்பல். கண்டிப்பான அம்மா மகனை அறைக்குள் பூட்டி வைக்கிறார். விஸ்கி உள்ளே போன பிறகுதான் அவனுக்கு அம்மாவை எதிர்த்து நிற்கும் தைரியம் வருகிறது. போதையை மிகைப்படுத்தாமல் நடித்திருப்பதைக் கவனியுங்கள்: தள்ளாட்டம் இல்லை, முதுகு மட்டும் நிமிர்கிறது. படப்பிடிப்பு ஸ்காட்லாந்தின் பாரா தீவிலேயே 1948 கோடையில் நடந்தது. இயக்குநர் அலெக்சாண்டர் மெக்கெண்ட்ரிக்குக்கு அதுவே முதல் முழுநீளப் படம்.

ஐம்பதுகளில் பலவற்றைத் தாண்டிவிடலாம். 'ஹெல் டிரைவர்ஸ்' (1957) மட்டும் விடாதீர்கள்; ஜாக்சனின் பங்கு சிறிதுதான், ஆனால் அதே லாரி ஓட்டுநர் கூட்டத்தில் ஷான் கானரி இருக்கிறார். டேவிட் மெக்கல்லமும் அந்தப் படத்தில் உண்டு. ஸ்காட்லாந்தில் பிறந்த மூன்று பேர் ஒரே படத்தில், யாரும் இன்னும் பெரிய பெயர் ஆகாத நேரத்தில்.

பிறகு 'ட்யூன்ஸ் ஆஃப் குளோரி' (1960). அலெக் கின்னஸும் ஜான் மில்ஸும் மோதும் படம். ஜாக்சன் படைப்பிரிவின் அட்ஜுடன்ட் (தளபதியின் நிர்வாக உதவி அதிகாரி), கேப்டன் கெய்ர்ன்ஸ். இரண்டு கர்னல்களுக்கும் நடுவில் நிற்க வேண்டிய அதிகாரி. வசனம் குறைவு, ஆனால் யார் பக்கம் காற்று அடிக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர் முகத்தைப் பார்த்தால் போதும். அதன் பிறகு 'தி கிரேட் எஸ்கேப்' (1963), 'தி இப்கிரெஸ் ஃபைல்' (1965), 'தி பிரைம் ஆஃப் மிஸ் ஜீன் பிராடி' (1969). கடைசியாகச் சொன்னதில் இவர் இசை ஆசிரியர் லோதர். கதைப்படி லோதர் கடைசியில் கைப்பிடிக்கப்போகும் மிஸ் லாக்ஹார்ட்டாக நடித்திருப்பவர் ரோனா ஆண்டர்சன், ஜாக்சனின் உண்மையான மனைவி. 1951இல் மணந்துகொண்டவர்கள்.

இரண்டாம்பாதி

'தி கிரேட் எஸ்கேப்' பற்றிச் சேர்க்க ஒன்று உண்டு. பேருந்துக் காட்சியை மட்டும் தனியாகப் பார்த்தால் அதன் பாதிதான் கிடைக்கும். முகாமில் நடக்கும் ஒத்திகைக் காட்சியிலிருந்து பாருங்கள். தப்பிக்கப் போகிறவர்களை வேற்றுமொழியில் கேள்வி கேட்டுச் சோதிப்பவர் மெக்டொனால்ட். நடுவே சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவி ஒருவரைச் சிக்கவைத்து, இந்தப் பழைய தந்திரத்தில் விழாதே என்று எச்சரிப்பவரும் அவரே. பின்னால் பேருந்துப் படியில் ஜெர்மன் அதிகாரி ஆங்கிலத்தில் வாழ்த்துச் சொல்ல, அதே வலையில் இவர் விழுகிறார்.

அங்கே ஜாக்சன் செய்வது மிக நுட்பம். நன்றி சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான நிம்மதி. ஆபத்து கடந்துவிட்டது என்று உடம்பு தளர்ந்த அந்தக் கணத்தில்தான் தாய்மொழி வெளியே வருகிறது. பதற்றத்தில் உளறியதுபோல் நடித்திருந்தால் காட்சி நம்பும்படி இருந்திருக்காது.

இறுதியில் வயல்வெளியில் லாரி நிற்கும் காட்சியையும் மறுபடி பாருங்கள். சுரங்க வேலைதான் தன்னை உயிரோடு வைத்திருந்தது என்று ரிச்சர்ட் அட்டன்பரோ பேசுவது ஜாக்சனிடம்தான். பேச்சு முழுவதும் அட்டன்பரோவுடையது. கேட்டுக்கொண்டு நிற்பது மட்டும்தான் ஜாக்சனின் வேலை. அப்படி ஒருவர் கேட்பதால்தான் அந்த வசனம் சொற்பொழிவு ஆகாமல் இரண்டு நண்பர்களின் பேச்சாக நிற்கிறது. 1944 மார்ச்சில் உண்மையாகவே 76 பேர் தப்பினார்கள், பிடிபட்டவர்களில் 50 பேரைச் சுட்டுக் கொன்றார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த அமைதியின் கனம் தெரியும்.

மாடிப்படி

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: உங்கள் பிரதியில் கோளாறு ஏதும் இல்லை. 1970 நவம்பரிலிருந்து 1971 பிப்ரவரி வரை தொடரை ஒளிபரப்பிய பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஐடிவியின் தொழில்நுட்பப் பணியாளர்கள் ஊதியப் பிரச்சினைக்காக வண்ணக் கருவிகளைத் தொட மறுத்தார்கள். அந்த நேரத்தில் எடுக்கப்பட்ட முதல் ஆறு பகுதிகளும் கறுப்பு வெள்ளையில் பதிவாயின. பிறகு முதல் பகுதியை மட்டும் வண்ணத்தில் திரும்ப எடுத்தார்கள். எனவே 2 முதல் 6 வரை கறுப்பு வெள்ளையில்தான் இருக்கும். டிவியில் வண்ண அமைப்பைத் திருகிப் பார்க்க வேண்டாம்.

வண்ணத்தில் எடுத்த முதல் பகுதிக்கு இரண்டு முடிவுகள் உண்டு. ஒன்றில் வேலைக்காரி சாரா வீட்டிலேயே தங்குகிறாள், மற்றொன்றில் வெளியேறுகிறாள். கறுப்பு வெள்ளைப் பகுதிகளை ஒதுக்கிவிட்டு ஒளிபரப்ப விரும்பும் நாடுகளுக்காகத்தான் அந்த இரண்டாவது முடிவு. அதைப் பார்த்துவிட்டு 2ஆம் பகுதிக்குப் போனால், வெளியேறியவள் எப்படித் திரும்பி வந்தாள் என்று குழம்பும்.

மொத்தம் 5 பருவங்கள், 68 பகுதிகள், 1971 அக்டோபர் முதல் 1975 டிசம்பர் வரை. அமெரிக்காவில் 1974இல் முதன்முதலாகக் காட்டியபோது முதல் இரண்டு பருவங்களிலிருந்து 13 பகுதிகளை விட்டுவிட்டு 55 மட்டுமே காட்டினார்கள். வட்டு வாங்கினால் எண்ணிக்கை 68 இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள்.

படத்தரம் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். உள்காட்சிகள் எல்லாம் ஸ்டூடியோவில் பல கேமராக்களை வைத்து வீடியோ டேப்பில் பதிவானவை. டேப்பில் இருக்கும் விவரத்துக்கு மேல் எந்த மறுசீரமைப்பாலும் கூட்ட முடியாது. வெளிக்காட்சிகள் மட்டும் ஃபிலிம், அதனால் கதவைத் தாண்டித் தெருவுக்கு வந்ததும் படத்தின் தன்மையே மாறும். திரை அளவை 4:3இல் வையுங்கள். அகலத் திரைக்கு இழுத்தால் முகம் தட்டையாகிவிடும், ஜாக்சனின் நடிப்பில் பெரும்பகுதி புருவத்திலும் வாய் ஓரத்திலும் இருப்பதால் அது பெரிய இழப்பு.

ஹட்சனுக்காக மட்டும் பார்ப்பதென்றால் ஐந்து பகுதிகள் போதும்.

முதல் பருவத்தில் 'வை இஸ் ஹர் டோர் லாக்ட்?'. சமையற்காரி மிஸஸ் பிரிட்ஜஸ் ஒரு குழந்தையைத் தூக்கி வந்து அறையில் ஒளித்துவைக்கிறார். அவரைச் சிறையிலிருந்து காப்பாற்ற, தானே மணந்துகொள்வதாக ஹட்சன் நீதிமன்றத்தில் சொல்கிறார். காதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் பொறுப்பை ஏற்கும் காட்சி.

இரண்டாம் பருவத்தில் 'கெஸ்ட் ஆஃப் ஹானர்'. மன்னர் ஏழாம் எட்வர்ட் விருந்துக்கு வருகிறார். பட்லராக ஹட்சனின் தொழில் நேர்த்தி உச்சத்தில் இருக்கும் பகுதி.

நான்காம் பருவம் முழுவதும் முதல் உலகப் போர். அதில் 'தி பீஸ்ட்லி ஹன்' கட்டாயம். அக்கம்பக்கத்தில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஜெர்மன் வம்சாவளிக் குடும்பம் கும்பலின் வெறிக்கு ஆளாகி வீட்டுக்குள் அடைக்கலம் தேடி வருகிறது. பத்திரிகைகளைப் படித்துப் படித்துத் தேசபக்தி வெறுப்பாக முற்றிய நிலையில் இருக்கிறார் ஹட்சன். நாம் மதித்த மனிதர் தவறான பக்கம் நிற்பதை ஜாக்சன் கொஞ்சமும் மெருகு போடாமல் காட்டுகிறார், பார்வையாளரின் அன்பை இழக்கத் தயாராக. 1976இல் எம்மி விருது கிடைத்தது இந்தப் பகுதிக்குத்தான்.

ஐந்தாம் பருவத்தில் 'டிஸில்யூஷன்'. தன்னைவிட மிக இளையவளான வேலைக்காரி லிலி மீது ஹட்சனுக்குப் பற்று வருகிறது. ஒழுங்கின் உருவமாக இருந்தவர் சங்கடத்தில் நெளிவதைப் பார்க்கலாம். கடைசியாக இறுதிப் பகுதி 'விதர் ஷல் ஐ வாண்டர்?'. மிஸஸ் பிரிட்ஜஸை மணந்துகொண்டு கடற்கரை ஊருக்கு விடுதி நடத்தப் போகிறார். முதலில் சொன்ன நீதிமன்றக் காட்சியைப் பார்த்திருந்தால்தான் இந்தத் திருமணத்தின் அருமை புரியும், அதனால் இரண்டில் ஒன்றை விடாதீர்கள்.

நிழல்வெளி

மிக்க நன்றி. 2016ஆம் ஆண்டு 'விஸ்கி கேலோர்'தான் பட்டியலில் குறித்து வைத்திருந்தேன், மாற்றிவிட்டேன்.

இன்னும் ஒன்று: ஹட்சனை அடுத்து வந்த 'தி ப்ரொஃபெஷனல்ஸ்' தொடரின் ஜார்ஜ் கௌலி நேரெதிர் வேடம் என்கிறார்கள். பேச்சிலும் உடலிலும் எதை மாற்றியிருக்கிறார்?

பழையரீல்

நேரெதிர் என்று எனக்குப் படவில்லை. இரண்டு பேரும் பிறரை ஒழுங்கில் வைத்திருப்பவர்கள். ஹட்சனுக்கு மேலே எஜமானர் இருக்கிறார், அதனால் அவர் குரல் அறைக்கு அறை மாறும். மாடியில் தாழும், கீழே சமையலறை மேசையில் உயரும். சிஐ5 என்ற கற்பனைக் குற்றத்தடுப்புப் படையின் தலைவரான கௌலிக்கு அறையில் மேலாள் கிடையாது. குரல் எங்கேயும் மாறாது, வாக்கியங்கள் குட்டை, ஒரு முறை சொன்னதைத் திரும்பச் சொல்வதில்லை. ஸ்காட்லாந்துக்காரரின் அழுத்தமான 'ர' இரண்டு வேடத்திலும் உண்டு. ஹட்சனிடம் அது மரியாதையோடு உருளும், கௌலியிடம் கட்டளையாக வெட்டும்.

உடலில் தெரியும் மாற்றம் கால். கௌலியின் காலில் பழைய குண்டுக் காயம் என்பது கதை. அவசரத்தில் நடக்கும்போதும் படி இறங்கும்போதும் லேசான நொண்டல் வரும். 1983 வரை ஒளிபரப்பான 57 பகுதிகளிலும் தேடிப் பாருங்கள். அதை அனுதாபம் கேட்கும் கருவியாக அவர் பயன்படுத்துவதில்லை. மார்ட்டின் ஷாவும் லூயிஸ் காலின்ஸும் ஓடிக் குதிக்கும் தொடரில், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த மனிதரிடம் கண் நிற்பதற்கு இந்த அடக்கமும் ஒரு காரணம்.

பகுதிகளின் வரிசையைப் பற்றிக் கவலை வேண்டாம், ஒளிபரப்பு வரிசையும் படப்பிடிப்பு வரிசையும் வேறுவேறு. முதலில் எடுக்கப்பட்டது 'ஓல்ட் டாக் வித் நியூ ட்ரிக்ஸ்'. தொடர் முழுவதும் 16 மிமீ ஃபிலிமில் எடுக்கப்பட்டதால், நெகடிவிலிருந்து சீரமைத்த ப்ளூரே பிரதி நன்றாகத் துலங்கும். மேலே 'மாடிப்படி' சொன்ன வீடியோ டேப் பிரச்சினை இதில் இல்லை.

இரண்டாம்பாதி

கௌலிக்குப் பிறகு நிறுத்திவிடாதீர்கள். 'எ டவுன் லைக் ஆலிஸ்' தொடரில் கதையைத் தாங்கும் முதிய வழக்கறிஞர் நோயல் ஸ்ட்ராகன். தான் காதலிப்பதாக ஒருபோதும் சொல்லாத மனிதர். நாயகியாக நடிக்கும் ஹெலன் மோர்ஸ் எழுதும் கடிதங்களை அவர் பிரித்துப் படிக்கும் காட்சிகளைப் பாருங்கள்.

'தி ஷூட்டிங் பார்ட்டி' (1985) படத்தில் டாம் ஹார்க்கர். பிரபுக்களின் வேட்டைக்குப் பறவைகளை விரட்டிக் கொடுக்கும் கிராமத்துக்காரன், திருட்டு வேட்டையிலும் கைதேர்ந்தவன். ஹட்சன் பட்லராக விருந்தினருக்குத் தட்டு நீட்டிய அதே எட்வர்டிய உலகத்தை, வேலிக்கு வெளியே சேற்றில் நின்று பார்க்கும் வேடம். 'கெஸ்ட் ஆஃப் ஹானர்' பகுதியைப் பார்த்த மறுநாளே இதைப் போட்டுப் பாருங்கள்.